ஐந்தாம் இலக்கம்

ஆகஸ்ட் 2, திங்கள்

சிட்னிக் குளிர்காலம், பத்து மணி வரை மூடுபனி. ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்ரேஷனில் எதிர் மேடை தெரியவில்லை. ஆட்களின் இருமல் மட்டும் தண்டவாளத்தைத் தாண்டி வந்தது.

செய்ய வேண்டியவை: தம்பிக்குக் கடிதம். வலது சப்பாத்துக்கு அடித்தோல். மண்ணெண்ணெய். டெஸ் கார்விக் பற்றிய கட்டுரை, எண்ணூறு சொல், அடுத்த வார இதழுக்கு.

நேற்றைய ஆட்டம் 2–2. எண்பதாம் நிமிஷத்தில் எதிரணிப் பையன் ஒருவன் டெஸ்ஸைக் கடந்து போனான். டெஸ் திரும்பவில்லை. நிற்காமல் போகும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். கோல். ஆட்டக்காரருக்குப் புள்ளி போடும் பட்டியலில் அவருக்குப் பத்துக்கு ஆறு போட்டேன். ஐந்துதான் நியாயம். அழித்து எழுதியது கொலின் கண்ணில் பட்டிருக்கும். பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவன், எதையும் விடமாட்டான்.

டெஸ்ஸுக்கு வயது முப்பத்தொன்பது. இங்கிலாந்துக்காரர். செவன் ஹில்ஸ் (செ. ஹில்ஸ்) உதைபந்தாட்டக் கழகத்தின் மனேஜர். ஐந்தாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு சென்டர் ஹாஃபாக, தற்காப்பின் நடுவில், தானே விளையாடவும் செய்கிறார். இது நான்காவது வருடம். கழகம் மோல்ட்டாத் தீவுக்காரர்களுடையது. தலைவர் சமித், கோழிப்பண்ணைக்காரர். அடுத்த வருட மனேஜர் யார் என்பதை அடுத்த செவ்வாய் கமிட்டி தீர்மானிக்கும். சமித் வேலியோரம் நின்று சொன்னது காதில் விழுந்தது:

“கோட்டுப் போட்டுக்கொண்டு கரையில் நிற்பதற்கு ஒரு ஆளா? அதற்குத்தான் கமிட்டியில் நாங்கள் ஏழு பேர் சும்மா நிற்கிறோமே.”

விளையாடாத மனேஜர் அவர்களுக்கு வேண்டாம். விஷயம் அவ்வளவுதான்.

பத்திரிகையில் பகலெல்லாம் ஆங்கிலம். இந்தக் கொப்பி மட்டும் தமிழ். 


ஆகஸ்ட் 3, செவ்வாய்

வெயில், ஆனால் சூடில்லை. செ. ஹில்ஸில் டெஸ் வேலை செய்யும் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். என் மனைவி மனோவின் தம்பி பரம் அங்கேதான் இயந்திர வரைபடம் வரைபவன். அவன் வாசல் வரை வந்து டெஸ்ஸிடம் ஒப்படைத்தான். “அத்தான், மனுசன் சாப்பிடுற நேரம். கேள்வி கேட்டுக் கொல்லாதேங்கோ.”

புல்லில் உட்கார்ந்தோம். அவருக்கு முட்டை சான்ட்விச். எனக்கு மனோ கட்டித்தந்த புட்டு. எட்டிப் பார்த்தார், கேட்கவில்லை. கொஞ்சம் கொடுத்தேன். “மணல் மாதிரி இருக்கிறது, நல்ல மணல்” என்றார்.

குறிப்புகள்: தகப்பன் சுரங்கத் தொழிலாளி. பதினைந்து வயதில் இவரும் சுரங்கத்தின் மேல்தளத்தில் கல் பொறுக்கும் வேலை. பதினெட்டில் கடற்படைக் கட்டாய சேவை, திருகோணமலை. பிறகு இங்கிலாந்து இரண்டாம் பிரிவில் ஒன்பது வருடம், ஒரே கழகம். தலையால் அடித்த கோல்கள் பதினொன்று. காலால் ஒன்றுமில்லை, அதில் பெருமை. கப்பலில் சிட்னி. முதலில் ஆட்டக்காரர், பிறகு இரண்டும்.

திருகோணமலையில் அவர் விளையாடியதைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். கொழும்புப் பத்திரிகைக்காக நான் போன ஆட்டம். நம்பவில்லை.

“கடல் எந்தப் பக்கம்?”

“உங்கள் கோலுக்குப் பின்னால். முதல் பாதியில்.”

கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார். “காகங்கள். பந்து மேலே போனால் கலைந்து பறக்கும். எது பந்து, எது காகம் என்று தெரியாது.”

பிறகு தானாகவே சொன்னார். மே மாதம் முழங்காலில் நீர் கட்டி மூன்று ஞாயிறு கரையில் உட்கார வேண்டி வந்ததாம். மூன்றிலும் வெற்றி. சமித் அதற்கு ‘எதிரணிகள் மோசம்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார். டெஸ் சொல்வது வேறு. சொல்லுக்குச் சொல் எடுத்தேன்:

“இருபது வருடம் விளையாடினேன், மிஸ்டர் சிவா, ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. முன்னால் ஒருவன் முதுகு, பக்கத்தில் ஒருவன் தோள், மேலே பந்து. அந்த மூன்று வாரம்தான் பார்த்தேன். குளத்தின் அடியில் கிடந்து மேலே பார்ப்பது மாதிரி. எல்லாரும் மெதுவாக நீந்தினார்கள். யார் எங்கே போகப்போகிறான் என்று அவனுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்தது. கையை அசைத்தால் கேட்டார்கள். அதற்காகத்தான் இத்தனை வருடமும் என்று பட்டது.”

“அப்படியென்றால் விளையாடுவதை நிறுத்தலாமே?”

“நிறுத்தினால் இவர்கள் வைத்துக்கொள்ளமாட்டார்கள். நிறுத்தாவிட்டால் நான் பார்க்க முடியாது.”

சங்கு ஊதியது. எழும்போது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினார், வேறொருவருடைய காலைப்போல.

ஜோ என்று அதே தொழிற்சாலையில் ஒரு வெல்டர் இருக்கிறான், இருபத்துமூன்று வயது, ஐந்தாம் இலக்கத்துக்கு அடுத்தவன். இந்த ஞாயிறு அவனைப் போடும் யோசனை உண்டு என்றார். “எழுதாதீர்கள்.” எழுதமாட்டேன் என்றேன். இது கொப்பி, இதில் எழுதுவது கணக்கில் வராது.


ஆகஸ்ட் 4, புதன்

மழைத் தூறல். சப்பாத்து தைக்கக் கொடுத்தாயிற்று. மண்ணெண்ணெய் மறந்தேன். மனோ கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு குசினியில் வெங்காயம் வெட்டுகிறாள், துறவிபோல.

கட்டுரையின் முதல் பந்தி மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். பிறந்த ஊரில் தொடங்கினால் இறந்தவர் குறிப்புப் போல இருக்கிறது.

விடியற்காலைக் கனவு: திருகோணமலை மைதானம், ஆனால் கரையோரம் சிட்னி யூக்கலிப்டஸ் மரங்கள். டெஸ் பத்தொன்பது வயதில் விளையாடுகிறார். முப்பத்தொன்பது வயதில் கரையில் கோட்டோடு நின்று அவரையே பார்க்கிறார். நான் யாரைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் பென்சிலைத் தேடுகிறேன். பென்சில் கிடைத்தது. எழுந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 5, வியாழன்

வானம் கழுவியது போல. குளிர் காற்று.

வியாழன் அணிப்பட்டியல் நாள். ஒவ்வொரு கழகமும் ஐந்தரைக்குள் தொலைபேசியில் சொல்லும், நான் தட்டச்சு செய்வேன், ஆறுக்கு அச்சுக்குப் போகும். டெஸ்ஸின் வழக்கம் வேறு. தன் பெயரைத் தானே சொல்லமாட்டார். கூச்சம். ஒன்று முதல் நான்கு, பிறகு ஆறு முதல் பதினொன்று. பத்துப் பெயர். ஐந்தை நான் போட்டுக்கொள்வேன். நான் இங்கு வந்த முதல் வாரம் “ஐந்து?” என்று கேட்டேன். “யாரென்று நினைக்கிறீர்கள்?” என்று சிரித்தார். அதன்பிறகு கேட்டதில்லை; மே மாதம் முழங்கால் வீங்கிய மூன்று வாரம் மட்டும் பட்டியலைச் சமித் சொன்னார்.

இன்று ஐந்து இருபதுக்கு அழைத்தார். பத்துப் பெயர். பிறகு வைத்துவிடவில்லை. பின்னால் லொறி ஒன்று பின்வாங்கும் சத்தம். மூச்சு. நான் அதற்குள் ‘5. கார்விக்’ என்று தட்டி முடித்திருந்தேன். விசையின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“அவ்வளவுதான் போலிருக்கிறது” என்றார்.

கொலின் தாளை எட்டிப் பிடுங்கினான். “பதினொன்று இருக்கிறதா? இருந்தால் போதும். உன் ஆட்டத்தில் வேறு என்ன இருக்கிறது, கிழவா?”

ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் ‘போலிருக்கிறது’ என்ற சொல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. செவ்வாய் அவர் சொன்னதெல்லாம் என் பையிலேயே இருந்தது. ஆனாலும் விரல் பழக்கப்படி போயிற்று.


ஆகஸ்ட் 6, வெள்ளி

மஞ்சள் வெயில். மண்ணெண்ணெய் வாங்கியாயிற்று.

இதழ் வந்தது. உள்பக்கம், இடது மூலை, ‘5. கார்விக்’. எழுத்துப்பிழை இல்லை.

மாலை பரம் வேலையிலிருந்து நேரே இங்கே வந்தான். கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

“அத்தான், என்ன செய்து வச்சிருக்கிறியள்?”

“என்ன?”

“தேத்தண்ணி நேரம் டெஸ் பேப்பரை விரிச்சு வச்சுக்கொண்டு இருந்தவர். கனநேரம். பிறகு மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வச்சிட்டு எனக்குச் சொன்னவர்: ‘உன் அத்தான் முடிவெடுத்துவிட்டார், பரவாயில்லை’ எண்டு.”

“நான் ஒரு முடிவும் எடுக்கேல்லை.”

“நேற்று ஃபோன் எடுக்கேக்க நான் அவருக்குப் பக்கத்து அறையில. கதவு திறந்து கிடந்தது. பத்துப் பேரைச் சொல்லிப்போட்டு நீங்கள் கேட்பியள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டிருக்கிறார். கேட்டிருந்தா ஜோவெண்டு சொல்லியிருப்பாராம். தானாச் சொல்ல வாய் வரேல்லையாம். நீங்கள் தட்டுற சத்தம் கேட்டதாம். ‘சரி, அவருக்கே நான்தான் எண்டு தெரியுது’ எண்டு விட்டிட்டார்.”

மனோ குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் அகப்பை.

“ஊர்முழுக்கக் கேள்வி கேட்கிற மனுசன்” என்றாள். “வேண்டிய இடத்தில வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.”

பரம் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜோவும் இதழைப் பார்த்தானாம். கண்ணாடி முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங்குக்குப் போய்விட்டானாம். தாயை ஞாயிறு வரச் சொல்லியிருந்தவன்.

இருபத்தாறு வருடம் இந்தத் தொழில். தப்பான கேள்விகள் ஆயிரம் கேட்டிருக்கிறேன், எல்லாம் மறந்துபோயிற்று.


ஆகஸ்ட் 7, சனி

பனி, பிறகு வெயில்.

காலை முழுவதும் இரண்டு மனம். ஒரு விதி வைத்திருக்கிறேன்: அணித் தேர்வில் வாய் வைப்பதில்லை. எந்த மனேஜருக்கும் யோசனை சொல்வதில்லை. கழகங்களின் சாப்பாட்டு மேசையில்கூட உட்கார்ந்ததில்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்பவன்தான் நிருபன். போய்ச் சொன்னால் ஆட்டத்துக்குள் கால் வைத்ததாகும். சொல்லாவிட்டால், ஏற்கனவே வைத்துவிட்டேனே.

மனோவிடம் இதையெல்லாம் விளக்கினேன். துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் எழுதினது பிழையெண்டா என்ன செய்வியள்?”

“அடுத்த இதழில திருத்தம் போடுவம்.”

“அடுத்த இதழ் வெள்ளி. ஆட்டம் நாளைக்கு. எழும்பிப் போயிட்டு வாங்கோ. தாளிச்சு வைக்கிறன்.”

பரமின் காரில் போனோம். டெஸ்ஸின் வீடு செ. ஹில்ஸ் மேட்டில், கடைசித் தெரு. பின்முற்றத்தில் சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்து ஆணிகளை இறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு சோடி. ஒன்று அவருடையது, மற்றது யாருடையது என்று கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் தொழிற்சாலைக் கூரைகள் வெயிலில் தண்ணீர்போல் மின்னின. பரம் காரிலேயே இருந்துவிட்டான்.

“டெஸ், வியாழக்கிழமை ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டேன்.”

“ஆ.”

“யோசனை சொல்ல வரவில்லை. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். ஐந்தாம் இலக்கம் யார்?”

ஆணி இறுக்கும் சாவியைக் கீழே வைத்தார். எங்கோ ஒரு வானொலியில் குதிரைப் பந்தயம். துணிக்கொடியில் பதினொரு சட்டைகள், வெள்ளையில் பச்சை, தலைகீழாக, காற்று வரும்போது எல்லாம் ஒரே பக்கம் ஓடின.

“பேப்பரில் போட்டாயிற்றே” என்றார்.

“பேப்பர் பிழையாகலாம். எத்தனையோ தரம் ஆகியிருக்கிறது.”

“உங்களுக்குக் கெட்ட பெயர்.”

“என் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லையே.”

சிரித்தார். “நாளை மூன்று மணிக்கு வாருங்கள், மிஸ்டர் சிவா.” கைகுலுக்கினார், கிறீஸ் பிசுக்கோடு.

திரும்பும்போது பரம், “என்னவாம்?” என்றான்.

“தெரியாது.”

“நல்ல நிருபர்.”


ஆகஸ்ட் 8, ஞாயிறு

மதியத்துக்குப் பிறகு வெளிச்சம் தேன் நிறம். காற்று முழுக்க நின்றுவிட்டது. புகைபோக்கிகளின் புகை நேரே மேலே. ஏறத்தாழ எழுநூறு பேர். வெங்காயமும் இறைச்சியும் வதங்கும் வாசனை. கிழவர்கள் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி.

ஒலிபெருக்கிக்காரர் அணியை வாசித்தார். கையில் எங்கள் இதழ். “ஐந்தாம் இலக்கம், டெஸ் கார்விக்.” கைதட்டல். 

அணி வெளியே வந்தது. ஐந்தாம் இலக்கச் சட்டைக்குள் ஜோ. பத்தடி பின்னால் டெஸ், சாம்பல் நிறக் கோட்டு, வெறுங்கை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு, மழை ஒரு பக்கமிருந்து வருவதுபோல் பரவியது. யாரோ கத்தினார்: “டெஸ், சாவுவீட்டுக்கா?”

சமித் என் அருகில் வந்தார். தோளில் கோழி இறகு ஒன்று.

“உங்கள் பேப்பரில் அவர் விளையாடுகிறாரே?”

“பேப்பர் பிழை, மிஸ்டர் சமித்.”

“நீங்கள் பிழை விடுகிற ஆளில்லையே.”

“இந்த வாரம் விட்டுவிட்டேன்.”

என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கரையில் நின்ற கோட்டை. “செவ்வாய் பேசிக்கொள்வோம்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

முதல் பாதி 0–1. ஜோ மோசமில்லை. தாய் தலையில் கறுப்புத் துணி கட்டி, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பந்து மகனிடம் போகும்போதெல்லாம் கண்ணை மூடினார்.

டெஸ் கத்தவில்லை. ஒரே இடத்தில் நின்றார். சில நேரம் ஒரு கை இடுப்பு உயரத்துக்கு எழும், மாட்டின் முதுகைத் தடவுவதுபோல் அசையும். இடது பக்க ஆட்டக்காரன் அதைப் பார்த்துப் பத்துக் கஜம் உள்ளே வருவான். மற்றவர்கள் அவனைப் பார்த்து நகர்வார்கள். இரண்டாம் பாதியில் கொஞ்ச நேரம், பத்து நிமிஷம் இருக்கும், எல்லாரும் ஒரே மூச்சில் இருந்தார்கள். பந்து சத்தமில்லாமல் போய் வந்தது. நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூட்டம் எழும்பிக் கத்தியது. பரம் என் முதுகில் அடித்தான்.

“கோல் அத்தான்! கோல்!”

“ஆர் அடிச்சது?”

“பகிடியோ? நீங்கள்தானே ரிப்போட்டர்!”

பார்க்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. நிமிஷத்தை மட்டும் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன், 64.

முடிவு 1–2. எண்பத்தெட்டாம் நிமிஷத்தில் ஜோ தலையால் தட்டியது குறுகிப்போய் எதிரணிக்காரன் காலில் விழுந்தது. பழைய டெஸ் என்றால் அது நடந்திருக்காது. கமிட்டி ஏழு பேரும் அதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு காருக்குப் போனார்கள்.

டெஸ் ஜோவின் கழுத்தைச் சுற்றிக் கை போட்டு, தாயிடம் கொண்டுபோய் விட்டார்.

புள்ளிகள்: ஜோ 6. இந்த முறை அழிக்கவில்லை. மனேஜருக்குப் புள்ளி போட இடமில்லை அந்தப் பட்டியலில்.


ஆகஸ்ட் 9, திங்கள்

மூடுபனி. திருத்தம் எழுதிக் கொலினிடம் கொடுத்தேன்: ‘சென்ற இதழில் வெளியான செவன் ஹில்ஸ் அணிப்பட்டியலில் ஐந்தாம் இலக்கம் பிழை. தவறு நிருபருடையது.’

“நிருபருடையதா?” என்றான். “யாரும் அப்படி எழுதுவதில்லை. ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று போடு.”

“வருந்தவில்லையே.”

என்னை நெற்றியில் தொட்டுப் பார்த்தான், காய்ச்சலா என்று. அப்படியே போட்டுவிடுவதாகச் சொன்னான்.

சப்பாத்து வந்தது. இடதைவிட வலது இப்போது உயரம். நாள் முழுக்கச் சற்றே மேட்டில் நடப்பதுபோல்.

கட்டுரைக்கு இன்னும் முதல் வரி இல்லை.


ஆகஸ்ட் 10, செவ்வாய்

காற்று, தெளிவு. மேற்கே மலைத்தொடர் நீலமாக, கையெட்டும் தூரம்போல.

நான்கு மணிக்குச் சமித் என் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். கமிட்டி மதியச் சாப்பாட்டுக்கே கூடி முடித்துவிட்டது. ஐந்துக்கு இரண்டு. டெஸ் அடுத்த வருடம் இல்லை. வேறொருவரைப் பேசியிருக்கிறார்கள், முப்பது வயது, விளையாடுவார்.

“இரண்டு பேர் யார் என்று கேட்கமாட்டீர்களா?” என்றார்.

இந்த முறை கேட்டேன்.

“ஒன்று நான்” என்றார். “அந்தப் பத்து நிமிஷம். என் பண்ணையில் கூண்டைத் திறந்துவிட்டால் ஆயிரம் கோழியும் சில நாள் அப்படித்தான் ஒன்றாகத் திரும்பும். ஏனென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதாதீர்கள்.” வைத்துவிட்டார்.

டெஸ்ஸுக்கு அவர்களே சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் போனேன். தொழிற்சாலை வாசலில் ஐந்து மணிக்குப் பிடித்தேன். தலையசைத்தார். ஸ்ரேஷன் வரை கூட வருவதாகச் சொன்னார். வருத்தமான முகத்தைத் தேடினேன், அது இல்லை. முழங்கால் இழுத்தது. வேகமாகத்தான் நடந்தார்.

ஆறுதலாக என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு வர, அவர் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். முதல் நிமிஷத்திலிருந்து. யார் எங்கே நின்றான், அவன் கண் எந்தப் பக்கம் போயிற்று, எதிரணியின் வலது பின்காவலன் மூச்சுவாங்கத் தொடங்கியது எப்போது, ஜோ முதல் தடவை பயத்தை விட்டது எந்தத் தொடுகையில். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருதரம் நிற்பார். பிறகு நடப்பார். இடைவேளை, இரும்புக் கடையின் முன்னால் வந்தது.

மேடையில் வாங்கில் உட்கார்ந்தோம். நான் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டே வந்தேன். விளக்குகள் எரியத் தொடங்கவில்லை, பகலும் போய்முடியவில்லை. அவருடைய கை இடுப்பு உயரத்தில் அசைந்துகொண்டிருந்தது, தண்டவாளங்களுக்கு மேலே, அங்கே யாரோ பார்த்துத் திரும்புவதுபோல். முதல் ரயில் வந்தது, போனது. இரண்டாவதும்.

மூன்றாவது வந்து கதவு திறந்தபோது மனோ தாளித்து வைத்துக் காத்திருப்பது நினைவு வந்தது. எழுந்தேன்.

“டெஸ், அடுத்த வருடம் என்ன செய்யப்போகிறீர்கள்?”

கோட்டு விளிம்பைப் பிடித்து என்னைத் திரும்ப உட்காரவைத்தார்.

“பொறுங்கள், மிஸ்டர் சிவா. இன்னும் அறுபத்துமூன்றாம் நிமிஷத்தில்தான் நிற்கிறேன்.”